பதினேழாவது சத்தம்

ஐம்பத்தெட்டு வயதில் பூங்கோதைக்கு இன்னொரு பெயர் கிடைத்தது. வைத்தவை குருவிகள், கண்டுபிடித்துச் சொன்னது ஒரு கம்ப்யூட்டர். இரண்டையும் அவள் அப்படியே நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஒரு ஆள் இல்லாதவளிடம் போய், உன்னைத் தனியாக ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால், நீங்களும் நானும்கூட நம்பத்தான் செய்வோம்.

தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் வெள்ளியம்புதூர் என்று ஓர் ஊர். அதை ஒட்டி அறுபது ஏக்கர் கொறங்காடு. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு என்றால் மாடு மேய்வதற்கென்றே விட்ட நிலம். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. சுற்றிலும் கிளுவை முள்வேலி, வாசலுக்கு முள்தட்டியால் ஒரு படல், உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலா மரம். காற்றாலையும் சோலார் பலகையும் மனையிடமும் தின்றது போக அந்த வட்டாரத்தில் முழுசாக மிஞ்சியது இது ஒன்றுதான். அதைக் காப்பாற்ற உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடை. அதற்குப் பிறகு மரத்தடியில் சுக்குக் காப்பியோடு ஒரு மணி நேரம் பேச்சு. அதற்கும் பிறகு வேலை: சீமைக்கருவேலங் கன்றைப் பிடுங்குவது, வேலியில் ஓட்டை விழுந்த இடத்தில் கிளுவைக் குச்சி நடுவது.

பூங்கோதை அங்கே வந்து சேர்ந்த கதை சின்னது. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அம்மாவுக்கு ஏதாவது ஒரு நோவு வந்தது. பேச்சு ஓய்ந்ததும் நோவும் ஓய்ந்தது. தம்பிக்கு ஓசூரில் வேலை, ஓசூரிலேயே பெண்டாட்டி, ஓசூரிலேயே வீடு. அம்மாவின் காரியம் முடிந்த மறுவாரம் பஸ் ஸ்டாண்டுக் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்த்தாள். "கொறங்காட்டு நடை. உள்ளூர் மக்கள் எல்லாரும் வரலாம்." எல்லாரும் என்பதில் தானும் சேர்த்திதானே என்று போனாள். பதினோரு வருடம் ஒரு ஞாயிறு தவறவில்லை. அவளுக்கு ஐம்பத்தெட்டான வருடம் ஜனவரியில் விதைப் பரிசோதனை நிலையத்தில் அவள் வேலையும் ஓய்வுக்கு வந்துவிட, வாரத்தில் ஆறு நாள் பால்காரரிடம் பேசுவதோடு சரி. ஏழாம் நாளுக்காகத்தான் மற்ற ஆறும் நகர்ந்தன.

கொறங்காட்டில் ஆட்காட்டிக் குருவிகள் நிறைய. அது கூடு கட்டாது. வெறும் தரையில் நாலு கூழாங்கல்லுக்கு நடுவே நாலு முட்டை வைக்கும். முட்டையும் கல் நிறம், மண்ணும் கல் நிறம். நடக்க வருகிறவர்கள் மிதித்துவிடுவார்கள், ஆடு மாடு மிதித்துவிடும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் பூங்கோதைதான். ஒவ்வொரு முட்டை வைத்த இடத்தையும் தேடிப் பிடித்து, சுற்றிலும் இரண்டு முழம் தள்ளி எட்டுக் கல் வைத்துச் சுண்ணாம்பு அடித்துவிடுவாள். தூரத்திலேயே பளிச்சென்று தெரியும், எல்லாரும் விலகிப் போவார்கள். குழுவே மெச்சியது. அப்படியும் முட்டை காணாமல் போவது நிற்கவில்லை. கல் போதவில்லை என்று நினைத்தார்கள். எட்டு பன்னிரண்டு ஆயிற்று, பன்னிரண்டு இருபது ஆயிற்று. பிப்ரவரி வந்தால் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக அவள் வார நாளிலும் கிளம்பிவிடுவாள்.

முகிலன் வந்தது அந்த வருடம்தான். கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்கிற பையன், முப்பது வயதிருக்கும், சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். தீப்பெட்டி அளவில் நாற்பது கருவிகளைக் கொண்டுவந்து வெள்வேலா மரங்களில் கட்டினான். அவை ராப்பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதைக் கம்ப்யூட்டர் பிரிக்கும். காதுப்பெட்டி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு ஞாயிறு பேச்சு முடிந்ததும் அவன் பூங்கோதையைத் தனியாகக் கூப்பிட்டான்.

"உக்காருங்கம்மா. ஆட்காட்டிக்கு மொத்தம் இருபத்திரெண்டு சத்தம் பிரிச்சிருக்கோம். நாய்க்கு ஒண்ணு. பருந்துக்கு ஒண்ணு. பாம்புக்கு வேற. மாட்டுக்கு ஒண்ணு இருக்கு, அது பயந்து கத்துறது இல்ல, தள்ளிப் போன்னு சொல்ற மாதிரி. மனுஷனுக்கு ஒண்ணே ஒண்ணுதான். எட்டாவது சத்தம். நான் வந்தாலும் அதான், மாடு மேய்க்கிறவர் வந்தாலும் அதான்."

"செரிங்க தம்பி."

"பதினேழாவதுன்னு ஒண்ணு இருக்கு. அது எதுக்குன்னு ரெண்டு மாசமா புரியல. நேத்துதான் பெட்டி குறிச்சு வெச்சிருக்கிற, ஒவ்வொருத்தர் போனும் உள்ள நுழையிற நேரத்தைப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். நீங்க படலைத் தாண்டுனா பதினேழு. மத்தவங்க தாண்டுனா எட்டு. கூட்டத்தோட வந்தாலும் உங்களைத் தனியா கண்டுபிடிச்சிடுதுங்க."

பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அது..."

"உங்களுக்குன்னே வெச்சிருக்குதுங்கம்மா. பேரு மாதிரி."

செய்தி அன்றே பரவிவிட்டது. தாராபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஹபீபாதான் குழுவில் அவளுக்கு நெருக்கம். "அக்காவ இனி அதட்டிப் பேச முடியாது. குருவியெல்லாம் கச்சேரி வெச்சு வரவேற்குது. ரேஷன் கார்டுல அதுகளையும் சேத்திருங்கக்கா," என்று சிரித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பூங்கோதை பஸ்ஸில் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

முகிலன் அவள் போனிலும் காதுப்பெட்டியைப் போட்டுக் கொடுத்திருந்தான். எந்தச் சத்தம், எந்த மரத்தடியில், எத்தனை மணிக்கு, எல்லாம் தெரியும், தொட்டால் ஒலிக்கும். அவள் பதினேழையே திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்று குரல் கீழே, ஒரு குரல் மேலே, கடைசியில் ஓர் இழுப்பு. சோறு வடிக்கும்போது கேட்டாள். துணி மடிக்கும்போது கேட்டாள். பத்து நாள் அந்த வீட்டில் திருவிழாதான். அத்தனை சந்தோஷமாக அவள் அதற்கு முன்னால் எப்போது இருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

பதினோராம் நாள் ஒரு சங்கதி உறுத்தியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலேகாலுக்குப் பதினேழு பதிவாகியிருந்தது. அந்த நேரத்தில் அவள் பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னோக்கித் தேடினாள். அப்படி இன்னும் பல நாள். நோட்டில் எழுதினாள். முகிலனைக் கேட்டாள்.

"மிஷினுக்கு நூத்துக்கு மூணு தப்பு வரும்மா. அதை விட்ருங்க," என்றான்.

விடுகிற ஆளா அவள்? முப்பது வருடம் நூறு விதையை ஈரத் தாளில் பரப்பி எட்டாம் நாள் முளை எண்ணியவள். தொண்ணூற்றேழு முளைத்திருந்தால் மற்றவர்கள் பாஸ் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவள் உட்கார்ந்து பார்ப்பது முளைக்காத மூன்றைத்தான். நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தாள். அவள் கல் வைத்துவிட்டு வந்த நாளுக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் இந்த ஆளில்லாத பதினேழு வந்தது. வந்த இடமும் அவள் கல் வைத்த இடம்தான்.

அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கே போனாள். படல் வழியாகப் போகவில்லை. ரோட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்து, கிளுவை வேலிக்கு வெளியே ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தாள். வேலியின் சந்து வழியாக முந்தின நாள் சுண்ணாம்பு அடித்த மூன்று வட்டங்கள் தெரிந்தன. குருவிகள் முட்டைமேல் உட்கார்ந்திருந்தன. ஒன்று போய் எங்கோ தண்ணீரில் வயிற்றை நனைத்துவிட்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் அமர்ந்தது. வெயிலுக்கு அப்படித்தான் முட்டையைக் குளிர வைக்கும்.

நாலு மணிக்கு மேல் ஒரு கீரி வந்தது. கீரி எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று அம்மா சொல்லுவாள். அது மூக்கைத் தரையில் வைத்துத் தேடவில்லை. பின்னங்காலில் எழுந்து நின்று ஒரு பார்வை பார்த்தது. வெள்ளைக் கல்லைக் கண்டதும் நேராக அங்கே போனது. கடைத்தெருவில் போர்டு பார்த்துக் கடைக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தது. முதல் வட்டம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்து இரண்டாவது வட்டத்துக்குப் போனது. குருவிகள் தலைக்குமேல் பறந்து பறந்து கத்தின. மூன்று குரல் கீழே, ஒரு குரல் மேலே, கடைசியில் ஓர் இழுப்பு.

பூங்கோதை பாறையைவிட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்து விரட்டியிருக்கலாம். அவளைக் கண்டாலும் அவை அதையேதான் கத்தும் என்பது நினைவுக்கு வந்து, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை முகிலனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, கீரிக்கு எத்தனாவது சத்தமுங்க?"

"ஆறும்மா. ஆனா அது நம்ம கொறங்காட்டுல பதிவாகல. மூலனூர் பக்கம் கட்டியிருக்கிற பெட்டியில நிறைய இருக்கு."

"நம்ம காட்டுல கீரியே இல்லீங்களா?"

"இருக்கு. நானே பாத்தேனே." கொஞ்சம் யோசித்தான். "ஏன் வரலன்னு பாக்கணும். டேட்டா கம்மியா இருக்கலாம்."

"இன்னொண்ணுங்க தம்பி. எட்டாவது சத்தம் கேட்டா, முட்டைய விட்டுட்டு எத்தன நேரம் வெளிய நிக்கும்?"

"ஆறு, ஏழு நிமிஷம்."

"பதினேழுக்கு?"

தட்டுகிற சத்தம் கேட்டது. "நாப்பது. சில நாள் அம்பதுகூட இருக்கு. ஏம்மா?"

"சும்மாதானுங்க."

அவனுக்கு ஏதோ மீட்டிங். அவசரத்தில் இருந்தான், அவள் கேட்டவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மார்ச் வெயிலில் நாற்பது நிமிடம் மூடாமல் கிடந்தால் முட்டை உள்ளேயே வெந்துவிடும். கல்லை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அவள் உள்ளே நடந்தாலே போதும், கீரி வரவேண்டியதுகூட இல்லை. பதினோரு வருடத்தில் அந்தக் காட்டில் கீரிக்கும் பூங்கோதைக்கும் ஒரே பெயர் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை அவள் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஹபீபாவின் மகளுடைய பேண்ட்டையும் சட்டையையும் ஏதோ காரணம் சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். ஐம்பத்தெட்டு வருடத்தில் முதல்முதலாகப் பேண்ட். ஊர்க்காரர் இரண்டு பேர் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். படலைத் திறந்து பத்தடி வைப்பதற்குள் மேட்டில் நின்ற குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பார்த்துவிட்டுப் பதினேழைக் கத்தியது. நடையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அவள் வந்த வழியே திரும்பி, வேலிக்கு வெளியே நின்று அழுதாள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தாள். சுண்ணாம்பு தீர்ந்துபோயிற்று என்று கல்லை மட்டும் நிறுத்திவிடலாம். நடைக்கு வழக்கம்போலப் போகலாம். முட்டைகள் முன்பும் போய்க்கொண்டுதானே இருந்தன, யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஞாயிறையும் விட்டுவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? அந்த மூன்று நாளும் அவள் தன் பக்கம் நியாயம் பேசிப் பார்த்தாள். முளைக்காத விதையைப் பாஸ் என்று எழுத மட்டும் அவள் கைக்கு வரவில்லை.

ஞாயிறு காலை படலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். "எல்லாரும் கொஞ்சம் இங்கயே உக்காருங்க. இன்னைக்கு பேச்ச மொதல்ல வெச்சுக்கலாம்," என்றாள். பதினெட்டுப் பேர் ரோட்டோரத்தில் உட்கார்ந்தார்கள். நோட்டைப் பிரித்து நாளும் நேரமும் வாசித்தாள். கீரியைச் சொன்னாள். நாற்பது நிமிடத்தைச் சொன்னாள். ஆபீசில் ரிப்போர்ட் வாசிப்பது போலத்தான் வாசித்தாள்.

முகிலன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஆறு ஏன் இல்லன்னு இப்பத்தான் புரியுது."

"கல்லு நாங்களுந்தான வெச்சோம். உங்க ஒருத்தர் மேல எதுக்குக்கா பழி?" என்றாள் ஹபீபா.

"மட்டையப் புடிச்சுட்டு மொதல்ல போனது நானு. அதுக பாத்தது என்னையத்தான்."

"செரி, கல்ல எடுத்தரலாம். நீங்க வாங்க."

"நான் வந்தா அந்தச் சத்தம் சாகாது ஹபீபா. பெருசுக கத்தும், குஞ்சுக கேட்டுக் கத்துக்கும். நான் உள்ள வரலைன்னா புதுசாப் பொறக்கறதுக்கு அது எதுக்குன்னே தெரியாது. கத்தறதுக்கு ஆளில்லாமப் போயிரும். அன்னைக்கு வர்றேன்."

"அது எத்தனை வருஷம் ஆகும்?" ஹபீபா கேட்டது முகிலனை.

அவன் பூங்கோதையைப் பார்க்காமல் சொன்னான். "நாலு. அஞ்சுகூட ஆகலாம்."

அன்று குழு கல்லையெல்லாம் பொறுக்கிப் பாழுங் கிணற்றில் போட்டது. அவள் வேலிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். கல் விழுகிற சத்தம் அங்கே வரை கேட்டது.

அதற்குப் பிறகு ஞாயிறும் மற்ற நாளைப் போல ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் ஒரு வரி வரும்: இன்று சத்தம் 17, இத்தனை முறை. முதல் வருடம் அறுபது, எழுபது. கீரி வரும்போதும் கத்தின, அவள் உயரத்தில் யாராவது வந்தாலும் கத்தின. குறைய வேண்டும் என்றுதான் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் எழுபது வந்த நாளில் மனசுக்குள் ஒரு மூலை குளிர்ந்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு விளக்கை அணைப்பாள்.

ஹபீபா முதல் வருடம் மாதம் இரண்டு முறை வந்தாள். பிறகு மகனோடு திருப்பூருக்குக் குடி போனாள். பெருநாளைக்குப் போன், தீபாவளிக்குப் போன் என்று ஆயிற்று. முகிலன் வேலை கிடைத்து நார்வேக்குப் போனான். போகும்போது வீட்டுக்கு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். குழுவில் பழைய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். காதுப்பெட்டியால் கொறங்காட்டுக்குப் பெயர் பரவி, கோயம்புத்தூர், ஈரோடு என்று எங்கெங்கிருந்தோ புது ஆட்கள் சேர்ந்தார்கள். இரண்டாம் வருடம் ஆறாவது சத்தம் முதன்முதலாக அந்தக் காட்டில் பதிவானது. குஞ்சுகள் கீரிக்குத் தனியாக ஒரு சத்தம் கண்டுகொண்டன. பதினேழு முப்பதாயிற்று, பன்னிரண்டாயிற்று. நாலாம் வருடம் ஏதோ ஒரே ஒரு குருவி மட்டும் எப்போதாவது கத்தியது. மற்றவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று பெட்டி சொன்னது. ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். அந்த ஒன்றுக்காக அவள் ஏழு மணிக்கு முன்பே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வாள். பிறகு அதுவும் நின்றது.

ஐந்தாம் வருடம் ஜூன் மாதம் வந்த வரி இது: "சத்தம் 17 ஒரு பருவம் முழுவதும் பதிவாகவில்லை. பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது." ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஹபீபா போனை எடுக்கவில்லை. காலையில் பால்காரரிடம் சொன்னாள். "அப்படீங்களா," என்று ஊற்றிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு போனாள். படலுக்குப் பதிலாக மூங்கில் கேட்டு போட்டிருந்தார்கள். தர்ஷனா என்று பெயர் எழுதிய பச்சை பனியன் போட்ட பெண் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும்.

"வாங்கம்மா. முதல் தடவையா வர்றீங்களா?"

பூங்கோதை மூங்கில் கேட்டைப் பார்த்தாள். "ஆமாங்க கண்ணு," என்றாள். குருவிகள் கணக்கில் அது உண்மைதானே.

உள்ளே நுழைந்தாள். வெள்வேலா மரத்துப் பக்கமிருந்து ஒரு குருவி எழும்பிக் கத்தியது. தர்ஷனா போனைத் திருப்பிக் காட்டினாள். எட்டு, மனிதர். "பயப்படாதீங்கம்மா, ஆள் வருதுன்னு சொல்லுது, அவ்வளவுதான்." ஏழாவது நிமிடம் குருவி திரும்பி வந்து உட்கார்ந்தது. அதன் வயிற்றுக்கடியில் நாலு குஞ்சு ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நுழைந்தன. அந்தக் காட்டில் நாலும் ஒன்றாகப் பொரிந்து அவள் பார்த்ததே இல்லை. அழுகை வந்தது. இருமுவதுபோல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பேச்சு அதே மரத்தடியில்தான். சுக்குக் காப்பிக்குப் பதில் பாக்கெட் ஜூஸ். தர்ஷனா நின்றுகொண்டு சொன்னாள்.

"இங்க ஒரே ஒரு ரூல் முக்கியமுங்க. முட்டையிருக்கற இடத்துல எந்த அடையாளமும் வெக்கக் கூடாது. முன்னாடி இங்க ஒரு அம்மா இருந்தாங்களாம். வெள்ளக்கல் அம்மான்னு சொல்லுவாங்க. முட்டைய சுத்தி வெள்ளக் கல்லு வெப்பாங்களாம். அந்தக் கல்லப் பாத்து கீரி வந்து எல்லாத்தையும் தின்னுரும். எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லியும் கேக்கலையாம். எனக்குத் தெரியாததான்னு திரும்பத் திரும்ப வெச்சிருக்காங்க. கடைசியில எல்லாரும் சேந்து தொரத்தி விட்டாங்களாம். அவங்க கால் வெச்சாலே குருவியெல்லாம் சாவு வந்த மாதிரி கத்துமாம்."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "என்ன ஜென்மமோ," என்றார் ஒருவர்.

பூங்கோதை கையிலிருந்த ஜூஸைக் கீழே வைத்தாள். எழுந்து நின்று நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், கீரியைக் கண்டுபிடித்தது யார் என்று சொல்ல வேண்டும், துரத்தவில்லை கண்ணு, நானேதான் போனேன் என்று சொல்ல வேண்டும். வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் பேச்சு முடிந்து கூட்டம் எழுந்துவிட்டது.

அவள் மட்டும் பின்தங்கி நடந்தாள். பாதை திரும்புகிற இடத்தில் ஒரு பெண் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். குழந்தையை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போயிருந்தவள், பேச்சைக் கேட்கவில்லை. காலடியில் நாலு முட்டை. அவள் கையில் உருண்டையாக ஒரு கல்.

"பாருங்கம்மா, மண்ணு மாதிரியே இருக்குது. யாராச்சும் மிதிச்சுப் போட்டா? சுத்தியும் நாலு கல்லு வெச்சுட்டுப் போலாம்னு பாக்கறேன்," என்றாள். முகம் அத்தனை கனிவாக இருந்தது.

"வெக்காதீங்க," என்றாள் பூங்கோதை.

"ஏனுங்க? நல்லதுக்குத்தானுங்களே."

பூங்கோதை அவளைப் பார்த்தாள். நல்லதுக்குத்தான் வைத்தாள் இன்னொருத்தியும் என்று தொடங்கினால் இவள் கல்லைக் கீழே போடமாட்டாள். கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் சின்னதாக, கண்ணுக்குத் தெரியாதபடி வைக்கலாமே என்பாள். பதினோரு வருடம் அவளும் இப்படித்தான் கல்லைக் கூட்டியும் மாற்றியும் வைத்துப் பார்த்தாள்.

"இங்க முன்னாடி ஒரு பொம்பள இருந்தாளாமுங்க," என்று ஆரம்பித்தாள். "வெள்ளக்கல் அம்மான்னு பேரு." கீரியைச் சொன்னாள். ஒன்றுவிடாமல் தின்றதைச் சொன்னாள். அவள் நிழலைக் கண்டாலே குருவிகள் கத்தியதைச் சொன்னாள். அந்தப் பெண் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"யாரும் எடுத்துச் சொல்லலீங்களா?"

"எத்தனையோ பேர் சொன்னாங்களாம்."

"அப்பறமும் கேக்கலியா அவ?"

"கேக்கலீங்க," என்றாள் பூங்கோதை. "தொரத்தித்தான் விட்டாங்களாம்."

அந்தப் பெண் கல்லை வேலிக்கு வெளியே வீசி எறிந்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.